விரல் காத்திருக்கும், உதடு காத்திருக்காது: பியானோவையும் டிரம்பெட்டையும் சேர்த்துக் கற்பது எப்படி?

மாலை ஆறு மணி. சென்னையில் எந்தப் பகுதியிலும் பார்க்கக்கூடிய ஒரு மாடி வீட்டு மியூசிக் கிளாஸ். பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் டிரம்பெட்டைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறார். முகம் சிவந்திருக்கிறது.

"சார், நேத்து வந்த நோட் இன்னிக்கு வரலை. விரல் சரியாத்தான் வச்சிருக்கேன்."

"விரல் சரிதான்பா. உதடு களைச்சுப் போச்சு. கீழ வச்சுட்டு கொஞ்ச நேரம் போய் பியானோ வாசி."

கேட்பவருக்கு இது தண்டனை மாதிரி தெரியலாம். ஆனால் இரண்டு கருவிகளையும் ஒன்றாகக் கற்கும் மாணவருக்கு இதைவிடப் பயனுள்ள அறிவுரை குறைவு. பியானோவில் உட்கார்ந்து வளர்ந்த பிள்ளைகள் பலர் பள்ளி பேண்டிலோ, சர்ச்சிலோ டிரம்பெட்டையும் டிராம்போனையும் பார்த்து ஆசைப்பட்டு எடுக்கிறார்கள். சில மாதங்களில் "இது எனக்கு வராது" என்று வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் பிரச்சினை திறமையில் இல்லை. பியானோவைப் பயிற்சி செய்வது போலவே டிரம்பெட்டையும் பயிற்சி செய்வதில்தான் இருக்கிறது.

பித்தளையில் செய்தால் பிராஸ் ஆகிவிடுமா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். சாக்ஸபோன் பித்தளையில்தான் செய்யப்படுகிறது. ஆனால் அது பிராஸ் குடும்பத்தில் சேராது. அதில் ஒலியை உண்டாக்குவது மவுத்பீஸில் கட்டப்பட்டிருக்கும் ரீட் என்ற மெல்லிய பட்டை. நாகஸ்வரத்தில் சீவாளி செய்யும் வேலையைப் போன்றது அது. அதனால் சாக்ஸபோன் மரக்காற்றுக் கருவிகள் பட்டியலில் வருகிறது.

பிராஸ் கருவிகளில் சீவாளி கிடையாது, ரீட் கிடையாது. வாசிப்பவரின் உதடுகளே அந்த வேலையைச் செய்கின்றன. இரண்டு உதடுகளையும் மூடி, நடுவே காற்றைத் தள்ளும்போது அவை அதிர்கின்றன. அந்த அதிர்வு குழாய்க்குள் போய் ஒலியாக வருகிறது. டிரம்பெட், டிராம்போன், பிரெஞ்ச் ஹார்ன், டியூபா எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

இது நமக்கு அந்நியமான வித்தை அல்ல. கோயிலில் சங்கு ஊதுபவரும், கொம்பும் எக்காளமும் ஊதுபவரும் செய்வது இதையேதான். சங்கை முதல்முறை வாயில் வைத்தவர்களுக்குத் தெரியும். எவ்வளவு பலமாக ஊதினாலும் வெறும் காற்றுதான் வரும். உதடு சரியான நிலைக்கு வந்த நொடியில் சத்தம் கிளம்பும்.

88 கட்டை, 3 வால்வு: கணக்கு எப்படி?

பியானோவில் 88 கட்டைகள். வெள்ளை 52, கருப்பு 36. ஒரு கட்டைக்கு ஒரு நோட். சரியான கட்டையை அழுத்தினால் சரியான நோட் வந்தே தீரும். நான்கு வயதுக் குழந்தை அழுத்தினாலும் பெரிய கலைஞர் அழுத்தினாலும் சுருதி மாறாது.

டிரம்பெட்டில் இருப்பது மூன்று வால்வுகள் மட்டுமே. ஒவ்வொரு வால்வும் காற்று போகும் குழாயை நீளமாக்குகிறது. குழாய் நீண்டால் ஒலி இறங்கும். இரண்டாவது வால்வு அரை ஸ்வர இடைவெளி (ஒரு செமிடோன்) இறக்கும். முதல் வால்வு இரண்டு செமிடோன், மூன்றாவது வால்வு மூன்று செமிடோன். மூன்று வால்வுகளை வைத்து எட்டு விதமாக அழுத்தலாம். அதில் மூன்றாவதைத் தனியாக அழுத்துவதும், முதல் இரண்டையும் சேர்த்து அழுத்துவதும் ஏறக்குறைய ஒரே இறக்கம் என்பதால் கையில் மிஞ்சுவது ஏழு.

ஏழு நிலைகளில் எப்படி இரண்டரை ஆக்டேவ் வாசிக்கிறார்கள்? அங்கேதான் உதடு வருகிறது. எந்த வால்வையும் அழுத்தாமலே டிரம்பெட்டில் சி, ஜி, மேல் சி, அதற்கும் மேல் இ, ஜி என்று வரிசையாக எடுக்கலாம். விரல் அசையவே இல்லை. உதட்டின் இறுக்கமும் காற்றின் வேகமும் மட்டும் மாறுகின்றன. வால்வுகள் 1810-களில் ஜெர்மனியில் கண்டுபிடிக்கப்படும்வரை டிரம்பெட் கலைஞர்களில் பெரும்பாலோர் இந்த இயற்கையான வரிசையை நம்பியே வாசித்தார்கள்.

பியானோ மாணவர் இங்கேதான் தடுமாறுகிறார். "அழுத்தினேன், வரணும்" என்று அவருடைய கை பழகியிருக்கிறது. டிரம்பெட்டில் விரல் கதவைத் திறக்கும். உள்ளே போக வேண்டியது உதடும் காதும். எந்த நோட் வரப்போகிறது என்று மனதுக்குள் முதலில் கேட்காமல் ஊதினால், பக்கத்து நோட்தான் வந்து நிற்கும். அதனால்தான் அனுபவமுள்ள ஆசிரியர்கள் "முதல்ல பாடு, அப்புறம் ஊது" என்கிறார்கள்.

டிரம்பெட்டின் 'ச' ஆறரைக் கட்டை

அடுத்த அதிர்ச்சி, இரண்டு கருவிகளையும் சேர்த்து வாசிக்கும்போது வரும். பியானோவில் சி வாசித்து, டிரம்பெட்டிலும் சி ஊதிப் பாருங்கள். இரண்டும் சேராது. கருவியில் கோளாறு என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

பொதுவாக மாணவர்கள் பயன்படுத்துவது பி-ஃபிளாட் டிரம்பெட். அதன் நோட்டேஷனில் சி என்று எழுதியிருப்பதை ஊதினால், பியானோவின் பி-ஃபிளாட் கேட்கும். கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். பியானோவின் சி என்பது ஒரு கட்டை சுருதி. பி-ஃபிளாட் என்பது ஆறரைக் கட்டை. டிரம்பெட்டின் 'ச' ஆறரைக் கட்டையில் பொருத்தப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அதனால் பியானோவின் சி வேண்டுமென்றால் டிரம்பெட்டில் டி ஊத வேண்டும். ஒரு முழு ஸ்வரம் மேலே. பியானோவில் பி-ஃபிளாட் மேஜரில் இருக்கும் பாட்டு, டிரம்பெட் மாணவருக்கு சி மேஜராகவே எழுதித் தரப்படும். பிரெஞ்ச் ஹார்ன் பெரும்பாலும் எஃப் சுருதியில் எழுதப்படுகிறது. டிராம்போன் எடுத்தவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. ஆர்கெஸ்ட்ராவில் அது பியானோவின் இடது கை படிக்கும் பாஸ் கிளெஃபில், கேட்கும் சுருதியிலேயே எழுதப்படுகிறது.

பியானோ தெரிந்த மாணவருக்கு இதில் ஒரு சாதகமும் இருக்கிறது. சுருதி மாற்றத்தைக் கட்டைகளில் கண்ணால் பார்க்க முடியும். டிரம்பெட் பாடத்தை எடுத்து, ஒரு ஸ்வரம் கீழே இறக்கிப் பியானோவில் வாசித்துப் பழகினால், சில வாரங்களில் இது மனக்கணக்காகிவிடும்.

எதை முதலில் தொடங்கலாம்?

வயதைப் பொறுத்தவரை பியானோவுக்கே முன்னுரிமை. ஐந்து, ஆறு வயதில் தொடங்கலாம். பிராஸ் கருவிகளுக்கு முன்பற்கள் முக்கியம். மவுத்பீஸ் உதட்டின் மேல் உட்கார, உதட்டுக்குப் பின்னால் பல் தாங்க வேண்டும். பால் பற்கள் விழுந்து நிலையான முன்பற்கள் முளைத்த பிறகு, அதாவது எட்டு ஒன்பது வயதுக்கு மேல் தொடங்குவதே வழக்கம்.

பல்லுக்கு கிளிப் போட்டிருக்கும் பிள்ளைகள் ஊதக்கூடாது என்று தடை எதுவும் இல்லை. ஆனால் கம்பி உதட்டின் உட்புறத்தில் குத்தும். கிளிப் போட்ட சில வாரங்களுக்கும், கழற்றிய சில வாரங்களுக்கும் உதடு புதிதாகப் பழக வேண்டியிருக்கும். பல் மருத்துவரிடம் "இவன் டிரம்பெட் வாசிக்கிறான்" என்று முன்கூட்டியே சொல்வதும், கிரேடு தேர்வு நெருங்கும் மாதத்தில் கிளிப் வேலையைத் தொடங்காமல் இருப்பதும் நல்லது.

ஒரு மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது?

பள்ளி, டியூஷன் எல்லாம் முடிந்து ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பலர் செய்வது: அரை மணி நேரம் பியானோ, அரை மணி நேரம் டிரம்பெட். கேட்க நியாயமாகத் தெரிகிறது. ஆனால் புதிதாக ஊதுபவருக்கு இடைவிடாத அரை மணி நேரம் அதிகம்.

உதட்டைச் சுற்றியிருப்பது ஒரு தசை. ஜிம்முக்குப் போகிறவர் ஒரே எடையை அரை மணி நேரம் தூக்கிக்கொண்டே இருக்க மாட்டார். இடையில் ஓய்வு எடுப்பார். உதட்டுக்கும் அதே விதிதான். ஊதிய நேரத்துக்குச் சமமான ஓய்வு என்பது பிராஸ் ஆசிரியர்கள் பலர் சொல்லும் கணக்கு.

இங்கேதான் இரண்டு கருவிகள் கற்பவருக்கு அதிர்ஷ்டம். மற்றவர்கள் சும்மா உட்கார வேண்டிய நேரத்தில் இவர் பியானோ வாசிக்கலாம். ஒரு மணி நேரத்தை இப்படிப் பிரித்துப் பார்க்கலாம்:

- முதல் 10 நிமிடம் டிரம்பெட்: நீண்ட நோட்டுகள், மெதுவாக, நடு ஸ்தாயியில் மட்டும்.
- அடுத்த 15 நிமிடம் பியானோ: ஸ்கேல், சைட் ரீடிங்.
- அடுத்த 10 நிமிடம் டிரம்பெட்: வால்வு மாற்றாமல் உதட்டால் மட்டும் நோட் மாற்றும் பயிற்சி, ஸ்கேல்.
- அடுத்த 15 நிமிடம் பியானோ: எடுத்திருக்கும் பாடம்.
- கடைசி 10 நிமிடம் டிரம்பெட்: பாடம். உதடு களைத்தால் இரண்டு நிமிடம் முன்னதாகவே நிறுத்தலாம்.

மொத்தம் பார்த்தால் அதே அரை அரை மணி நேரம்தான். ஆனால் உதடு மூன்று முறை புதிதாக வேலைக்கு வருகிறது. பியானோ நேரம் டிரம்பெட்டிடமிருந்து பறித்த நேரமாக இல்லாமல், டிரம்பெட்டுக்குத் தேவையான ஓய்வாகவே மாறிவிடுகிறது.

பலன் மறுபக்கமும் உண்டு. பியானோவில் ஒரு நோட்டைத் தட்டியதும் அது தேயத் தொடங்கிவிடும். டிரம்பெட்டில் ஒரு நோட்டைச் சின்னதாகத் தொடங்கிப் பெரிதாக்கலாம், மூச்சு முடியும் இடத்தில் வாக்கியத்தை முடிக்கலாம். ஊதிப் பழகியவர் பியானோவுக்குத் திரும்பும்போது, எங்கே மூச்சு விட வேண்டும் என்று கைக்கும் தெரிய ஆரம்பிக்கும்.

வலித்தால் என்ன அர்த்தம்?

மேல் நோட் வரவில்லை என்றதும் மாணவர்கள் செய்யும் முதல் தவறு, மவுத்பீஸை உதட்டில் அழுத்துவது. அழுத்தினால் ஒன்றிரண்டு நோட் வரத்தான் செய்யும். அதனால்தான் அது ஆபத்து. அழுத்தம் உதட்டின் ரத்த ஓட்டத்தைக் குறைத்து, களைப்பைச் சீக்கிரம் கொண்டுவரும்.

வாய் ஓரத்தில் காற்று கசிவது, உதடு வீங்கியது போல மரத்துப்போவது, மவுத்பீஸ் வட்டத் தடம் நெடுநேரம் மறையாமல் இருப்பது இவையெல்லாம் "போதும்" என்று உதடு சொல்லும் அறிகுறிகள். அப்போது நிறுத்துவதுதான் பயிற்சி.

பெரியவர்களும் இதில் தப்பவில்லை. ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் 1930-களின் நடுவில் உதட்டுக் காயத்தால் டிரம்பெட்டைச் சில காலம் கீழே வைக்க நேர்ந்தது. உதட்டைச் சுற்றிய தசை கிழியும் பாதிப்புக்கு அவருடைய செல்லப் பெயரை வைத்து 'சாச்மோ சிண்ட்ரோம்' என்றே மருத்துவத்தில் ஒரு பெயர் இருக்கிறது. பியானோ பக்கம் பார்த்தால், ராபர்ட் ஷூமான் 1830-களின் தொடக்கத்தில் வலது கை பாதிக்கப்பட்டு, பியானோ கலைஞராகும் கனவையே கைவிட்டு இசையமைப்பில் இறங்கினார். மணிக்கட்டிலோ முன்கையிலோ வலி, விரல் மரத்துப்போதல் இருந்தால் "பழகிடும்" என்று தொடரக் கூடாது. ஓரிரு நாளில் சரியாகாவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கிரேடு தேர்வில் மதிப்பெண் எங்கே போகிறது?

தமிழ்நாட்டில் மேற்கத்திய இசை கற்பவர்களில் பலர் லண்டன் ட்ரினிட்டி அல்லது ஏபிஆர்எஸ்எம் கிரேடு தேர்வுகளை எழுதுகிறார்கள். இது நேற்று வந்த பழக்கமல்ல. 1842-ல் தொடங்கப்பட்ட சென்னை அண்ணா சாலை மியூசி மியூசிக்கல் நீண்ட காலமாக ட்ரினிட்டி தேர்வோடு தொடர்புடையது. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்ற இளையராஜாவும் ட்ரினிட்டியில் கிளாசிக்கல் கிட்டார் தேர்வு எழுதியவர்தான்.

ட்ரினிட்டியின் நேரடித் தேர்வில் மொத்தம் 100 மதிப்பெண். மூன்று பாடங்களுக்குத் தலா 22, ஆக 66. ஸ்கேல் உள்ளிட்ட டெக்னிக்கல் வொர்க்குக்கு 14. சைட் ரீடிங், ஆரல் போன்ற இரண்டு சோதனைகளுக்குத் தலா 10. தேர்ச்சிக்கு 60, மெரிட்டுக்கு 75, டிஸ்டிங்ஷனுக்கு 87. ஏபிஆர்எஸ்எம் பிராக்டிகல் தேர்வில் மொத்தம் 150. அதில் மூன்று பாடங்களுக்கு 90, மீதி 60 ஸ்கேல், சைட் ரீடிங், ஆரலுக்கு.

வருடம் முழுக்க மூன்று பாடங்களை மட்டும் மனப்பாடம் செய்பவர், ட்ரினிட்டியில் 34 மதிப்பெண்ணையும் ஏபிஆர்எஸ்எம்மில் 60 மதிப்பெண்ணையும் அதிர்ஷ்டத்திடம் விட்டுவிடுகிறார். இரண்டு கருவி மாணவருக்கு இங்கேயும் ஒரு வசதி. ஆரலுக்குப் பழகிய காது இரண்டு தேர்வுக்கும் உதவும். ஏபிஆர்எஸ்எம்மில் ஆறாவது கிரேடுக்கும் அதற்கு மேலும் போக வழக்கமாக எழுதும் ஐந்தாம் கிரேடு தியரியையும் ஒருமுறை எழுதினால் போதும்.

இன்னொரு விஷயம். டிரம்பெட் தேர்வில் பாடங்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்னொருவர் பியானோ துணை வாசிப்பார். அந்தப் பியானோ பகுதியை மாணவரே வீட்டில் மெதுவாக வாசித்துப் பார்த்திருந்தால், தான் எங்கே நுழைய வேண்டும், எங்கே ஓய்வு என்பது தேர்வறையில் தெளிவாகத் தெரியும். சுருதி சேர்க்கும்போது பியானோவில் பி-ஃபிளாட் கேட்டு, டிரம்பெட்டில் சி ஊத வேண்டும். ஏசி அறையில் குளிர்ந்துபோன டிரம்பெட் சுருதி இறங்கி நிற்கும். ஊதாமல் வெறும் மூச்சுக் காற்றை உள்ளே விட்டுச் சூடாக்கிய பிறகே சுருதி சேர்க்க வேண்டும்.

வாங்கும் முன் ஒரு நிமிடம்

பல வீடுகளில் "பியானோ கிளாஸ்" என்று சொல்லப்படுவது 61 கட்டை கீபோர்டில் நடக்கிறது. ஆரம்பத்துக்கு அது போதும். ஆனால் அதன் கட்டைகள் லேசானவை, பியானோவின் கனம் அவற்றில் இல்லை. ட்ரினிட்டியில் எலக்ட்ரானிக் கீபோர்டுக்குத் தனித் தேர்வே இருக்கிறது. பியானோ தேர்வுதான் நோக்கம் என்றால், 88 கட்டையுள்ள, கனமான கட்டைகள் கொண்ட டிஜிட்டல் பியானோவாவது வேண்டும். இல்லையென்றால் தேர்வறையின் நிஜப் பியானோவில் கை திணறும்.

டிரம்பெட் வாங்கும்போது ஆன்லைனில் பளபளப்பைப் பார்த்து ஏமாறாமல், ஊதத் தெரிந்த ஒருவரை அழைத்துப்போய் வால்வு மூன்றும் தடையின்றி ஏறி இறங்குகிறதா, ஸ்லைடுகள் நகர்கின்றனவா என்று பார்ப்பது நல்லது. மட்டமான புதிய கருவியைவிட நல்ல நிலையில் உள்ள பழைய கருவி மேல். வால்வு ஆயில் வாரம் சில முறை. டீ, சமோசா சாப்பிட்ட வாயோடு ஊதக் கூடாது. கொப்பளித்துவிட்டு ஊதினால் குழாயும் மிஞ்சும், மவுத்பீஸும் நாறாது. கடற்கரை ஊர்களின் ஈரக்காற்று நிஜப் பியானோவின் மரத்தையும் கம்பியையும் பதம் பார்க்கும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது டியூனரை அழைக்க வேண்டும்.

அபார்ட்மென்ட்டில் இருப்பவர்களுக்குப் பிராக்டிஸ் மியூட் கைகொடுக்கும். ஆனால் அது காற்றுக்குத் தடை கூட்டும் என்பதால், எப்போதும் அதிலேயே ஊதாமல், வாரத்தில் சில நாளாவது திறந்த இடத்தில் ஊதுவது அவசியம்.

பொதுத்தேர்வு மாதங்களில் என்ன செய்வது?

இசை மாணவர்களை நாம் இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஜனவரி வந்ததும் "எக்ஸாம் முடியட்டும், ஏப்ரல்ல பாத்துக்கலாம்" என்று இரண்டு கருவிகளையும் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். ஏப்ரலில் பியானோவில் உட்காரும் கை ஒரு வாரம் தடுமாறும், பிறகு பழைய பாடத்தை ஓரளவு எடுத்துவிடும். பழகிய அசைவுகளை உடம்பு நெடுநாள் நினைவில் வைத்திருக்கும்.

டிரம்பெட்டில் நடப்பது வேறு. வால்வு வரிசை மறந்திருக்காது. ஆனால் உதட்டுத் தசையின் வலு குறைந்திருக்கும். ஜனவரியில் எட்டிய மேல் நோட் ஏப்ரலில் எட்டாது. பழைய இடத்திலிருந்தே தொடங்க ஆசைப்பட்டு அழுத்துவார்கள், வலிக்கும், மனம் விட்டுப்போகும். வராது என்று முடிவு கட்டி வைத்துவிடுவார்கள். உண்மையில் வராமல் போனது இசை அல்ல, மூன்று மாத உடற்பயிற்சிதான்.

இதைத் தடுக்க நாளுக்குப் பத்து நிமிடம் போதும். படிப்புக்கு நடுவே எழுந்து, நீண்ட நோட்டுகளும் உதட்டுப் பயிற்சியும் மட்டும். பாடம் வேண்டாம், மேல் ஸ்தாயி வேண்டாம். தினமும் முடியாவிட்டால் வாரத்தில் நான்கு நாள். நேரத்தை வெட்டியே ஆக வேண்டுமென்றால் பியானோவில் வெட்டலாம், டிரம்பெட்டின் பத்து நிமிடத்தில் கை வைக்க வேண்டாம். முழுதாக நிறுத்த நேர்ந்தால், திரும்பும் முதல் வாரம் நடு ஸ்தாயியில் மட்டும், ஐந்தைந்து நிமிடமாக ஊத வேண்டும்.

இதன் பயன் தேர்வுச் சான்றிதழோடு முடிவதில்லை. சர்ச் குழு, கல்லூரி பேண்ட், ரெக்கார்டிங், போலீஸ் மற்றும் ராணுவ பேண்ட் என்று ஊதத் தெரிந்தவர்களுக்கு இடம் இருக்கிறது. ராணுவ இசைக்கென்று மத்தியப் பிரதேசத்தின் பச்மரியில் ஒரு பயிற்சிப் பிரிவே இயங்குகிறது. நோட்டேஷன் படிக்கவும், இரண்டு கிளெஃபும் தெரிந்து, சுருதி மாற்றி வாசிக்கவும் முடிந்தவரை எந்தக் குழுவும் சேர்த்துக்கொள்ளத் தயங்காது.

இன்று வீட்டில் யாராவது டிரம்பெட்டைத் தூக்கி, நேற்று வந்த நோட் வரவில்லை என்று முகம் வாடினால், "இன்னும் கொஞ்சம் பலமா ஊது" என்று சொல்லிவிடாதீர்கள். "கீழ வச்சுட்டு பதினைஞ்சு நிமிஷம் பியானோ வாசிச்சிட்டு வா" என்று சொல்லிப் பாருங்கள்.